மூச்சும் உயிரும்: கண்டிச் சீமையில் உறுப்புக்கொடை

கம்பளை என்னும் பெயரைக் கேட்டவுடன் சரித்திரம் பயின்றோர் நெஞ்சில் முதலில் தோன்றுவது ஓர் அரசிருக்கை. பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நான்காம் புவனேகபாகு மன்னன், மகாவலி கங்கைக் கரையிலுள்ள இவ்வூரைத் தன் தலைநகராகக் கொண்டு ஆண்டான். அவன் காலத்திலே, 1344 ஆம் ஆண்டளவில், அண்மையிலுள்ள குன்றுகளின்மேல் இரண்டு பெரிய விகாரைகள் எழுந்தன. ஒன்று கடலாதெனிய, அதனைக் கல்லாலே சமைத்த சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. மற்றது மந்திரி சேனாலங்காதிகாரன் எடுப்பித்த இலங்காதிலகம். இலங்காதிலகத்துப் பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறித்திருக்கிறார்கள். அக்காலத்துத் தான சாசனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. கொடுத்தவர் இன்னார், கொடுத்த பொருள் இன்னது, அதன் எல்லை இது, இத்தானத்துக்கு ஊறு செய்வோர் அடையும் பாவம் இது என்று ஒழுங்காகச் சொல்லிச் செல்லும். கொடை என்பது மனத்தில் எழுந்த இரக்கம் மட்டுமன்று. பலர் அறிய, எழுத்திலே நிறுத்தி, சாட்சி வைத்துச் செய்யவேண்டிய ஒரு செயல் என்பதை அந்நாளைய மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அச்சாசனம் பொறித்த காலத்துக்கு 673 ஆண்டுகள் பிந்தி, கம்பளைக்குச் சற்றேறக்குறைய இருபது கிலோமீற்றர் தொலைவிலுள்ள கண்டிப் பெரியாஸ்பத்திரியிலே வேறொரு கொடை நிகழ்ந்தது. 2017 ஆம் ஆண்டு யூலை மாதம் 7 ஆந் திகதி, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் எடுக்கப்பட்டு, இதயம் தளர்ந்து உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் மார்பிலே பொருத்தப்பட்டது. இலங்கையில் நடந்த முதலாவது இதய மாற்றுச் சத்திரசிகிச்சை இதுவே. டாக்டர் அனில் அபேவிக்கிரம முதலிய சத்திரசிகிச்சை நிபுணர்களும், மயக்க மருந்து நிபுணர்களும், தாதியரும், தொழினுட்பவியலாளரும் சேர்ந்து இதனைச் செய்து முடித்தனர். கொழும்பிலன்றிக் கண்டியிலே இது முதலில் நிகழ்ந்தமை மலைநாட்டாருக்குப் பெருமைதான். ஆனால் இன்றைய பேச்சின் பொருள் அந்தப் பெருமையன்று. கண்ணைக் கொடுப்பதிலே உலகுக்கே வழிகாட்டிய இந்நாடு, இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கொடுப்பதிலே ஏன் இத்தனை ஆண்டுகள் தயங்கிற்று, ஏன் இன்னும் தயங்குகிறது என்பதே நாம் ஆராயவேண்டியது.

முதலிலே கண்ணின் கதையைப் பார்ப்போம். கண்ணின் முகப்பிலே கடிகாரத்துக் கண்ணாடிபோல் அமைந்துள்ள பளிங்குப் படலத்தை விழிவெண்படலம் என்பர். அது மங்கிப்போனால், உள்ளே எல்லாம் நலமாயிருந்தும் பார்வை கெடும். 1905 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலமூத்சு நகரில், எடுவார்து சிர்ம் என்னும் வைத்தியர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த ஒரு தொழிலாளிக்கு, காயமுற்றதனால் அகற்றவேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து படலத்தை எடுத்துப் பொருத்தி வெற்றி கண்டார். அந்தக் கண் உயிருள்ளவனுடையது. இறந்தவருடைய கண்ணும் இதற்கு உதவும் என்பதை 1930களில் ஒதேசா நகரத்து பிலாத்தொவ் காட்டினார். இந்தக் கண்டுபிடிப்பே கண்தானத்தின் வாயிலைத் திறந்தது. 1944 இல் நியூயோர்க்கிலே பேற்றன் என்பவர் கண்வங்கியை அமைத்தார். அதற்கு அடுத்த ஆண்டிலேயே சென்னை எழும்பூர்க் கண் வைத்தியசாலையிலும் ஒரு கண்வங்கி தோன்றிற்று. அங்கே 1948 இல் டாக்டர் ஆர். ஈ. எஸ். முத்தையா விழிவெண்படல மாற்றைச் செய்தார். இந்தியாவிலே இத்துறையின் தொடக்கம் அதுதான்.

இலங்கையிலே இதனை மக்கள் இயக்கமாக்கியவர் டாக்டர் ஹட்சன் சில்வா. 1929 இல் பிறந்து 1999 இல் மறைந்தவர். வைத்தியக் கல்லூரி மாணவராயிருந்த காலத்திலேயே, 1958 இல், செத்த கண்ணுக்கு உயிர் கொடுங்கள் என்ற கருத்தை வைத்துப் பத்திரிகையிலே எழுதி மக்களை வேண்டினார். 1960 இல் அவருடைய தாயார் காலமானபோது, அத்தாயாரின் விழிப்படலங்களையே எடுத்து ஓர் ஏழைக் கமக்காரருக்குப் பார்வை கிடைக்கச் செய்தார் என்பர். ஊருக்கு உபதேசம் செய்வோர் பலர். பெற்ற தாயின் உடலிலிருந்து தொடங்கியவரை மக்கள் நம்பியதில் வியப்பில்லை. 1961 இல் இலங்கைக் கண்தானச் சங்கம் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அவரும் அவர் துணைவியாரும் வீட்டிலிருந்த குளிர்ப்பெட்டியிலேதான் கண்களைப் பாதுகாத்து வைத்தனர். 1964 இல் பனிக்கட்டி இட்ட தேநீர்க் குடுவை ஒன்றிலே வைத்து, விமானமூலம் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அந்நிய நாட்டுக்குச் சென்ற முதற் கொடை அது. அதன்பின் பல்லாயிரக்கணக்கான கண்கள் ஆசியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் அதற்கப்பாலும் சென்றுள்ளன. பாக்கித்தான் அவற்றைப் பெருந்தொகையாகப் பெற்ற நாடுகளுள் ஒன்று. 1996 இல் முன்னாள் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனா காலமானபோது அவருடைய கண்களும் தானமாயின; ஒன்று யப்பானுக்குப் போயிற்று. 1951 இல் சான் பிரான்சிஸ்கோ மகாநாட்டிலே யப்பானுக்காகப் பரிந்து பேசியவர் அவர்.

இவ்வளவு பெரிய இயக்கம் இச்சிறு தீவிலே எவ்வாறு வேரூன்றிற்று? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, பௌத்த சாதகக் கதையிலே சிவி மன்னன் தன் கண்களைப் பிடுங்கிக் கொடுத்தான் என்பது. நம்மவர் சிபியைப் புறாவுக்குத் தசை அரிந்தவனாக அறிவர். சோழ மன்னர் அவன் வழிவந்தோர் என்று செம்பியன் என்னும் பெயரைத் தாங்கினர். சாதகம் சொல்லும் சிவியோ பிராமணன் ஒருவனுக்குக் கண்ணைக் கொடுத்தவன். நம் பெரியபுராணத்துக் கண்ணப்பர் இறைவன் கண்ணிலே குருதி கண்டு தம் கண்ணை அம்பினாலே அகழ்ந்தவர். தேவர்களுக்குத் தன் முதுகெலும்பை ஈந்த ததீசி முனிவரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே கதைக்கு நமக்கும் குறைவில்லை. ஆனால் கதை மட்டுமே காரணம் என்பதை நான் ஒப்புவதற்கில்லை. சிவியின் கதை ஈராயிரம் ஆண்டுகளாக விகாரைச் சுவர்களிலே இருந்தது. கண்தானம் நிகழ்ந்ததோ 1961 க்குப் பின்னர்தான். இடையிலே வந்தது என்ன? கையெழுத்திடும் படிவம், சாட்சி, கிராமந்தோறும் செய்தி சொல்லும் தொண்டர், இறந்த வீட்டுக்கு இரவென்றும் பகலென்றும் பாராது வந்து சேரும் பயிற்சி பெற்ற ஆள், பனிக்கட்டி, விமானம். இலங்காதிலகத்துச் சாசனத்தை எழுதுவித்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. கருணைக்கு ஒரு கச்சேரியும் வேண்டும்.

இனி நெஞ்சின் கதைக்கு வருவோம். இங்கேதான் இடர் தொடங்குகிறது. கண்ணை எடுப்பது உடல் குளிர்ந்த பின்னர். மூச்சு நின்றது, நாடி அடங்கிற்று, உறவினர் அழுது முடித்தனர். அதன்பின்னே கண் எடுப்போர் வருவர். மரணம் நிகழ்ந்ததா என்பதிலே எவருக்கும் ஐயமில்லை. இதயமோ அவ்வாறன்று. அது குருதி ஓட்டம் இருக்கும்போதே எடுக்கப்படவேண்டும். எடுத்தபின் பனிக்குளிரிலே ஏறத்தாழ நான்கு மணித்தியாலந்தான் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாளளவு தாங்கும். ஆகையால், மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கை வெதுவெதுப்பாயிருக்க, நாடி துடித்துக்கொண்டிருக்க, இவர் இறந்துவிட்டார் என்று வைத்தியர் சொல்கிறார். கேட்பவர் எப்படி நம்புவர்?

நம்முடைய மொழியே இங்கு நமக்கு எதிராக நிற்கிறது. பழந்தமிழிலே உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல் என்பது பொருள். ஆவி என்பது மூச்சுக்கும் உயிருக்கும் ஒரே சொல். மூச்சு அடங்கிற்று என்கிறோம், ஆவி பிரிந்தது என்கிறோம், பேச்சு மூச்சில்லை என்கிறோம். மரணத்தைக் குறிக்க நாம் வழங்கும் சொற்களிலே பெரும்பாலானவை மூச்சைப் பற்றியவை. மூளை செத்தது என்ற சொல் நம் பாட்டனார் காலத்திலே இல்லை. அவர்களுக்கு அது தேவையாகவும் இல்லை. ஏனெனில் மூளை செத்த சில நிமிடங்களிலே மூச்சு நிற்கும், மூச்சு நின்றவுடன் நெஞ்சும் நிற்கும். மூன்றும் ஒன்றாகவே போயின.

அவற்றை வேறு வேறாகப் பிரித்தது ஒரு கருவி. 1952 இல் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்கேகனிலே இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சுத்தசை செயலிழந்து குழந்தைகள் மாண்டனர். பியோன் இப்சன் என்னும் வைத்தியர், தொண்டையிலே துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையாலே பிசைந்து காற்றூட்டும் முறையைக் கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர் முறைவைத்து, இரவும் பகலும், வாரக்கணக்காகப் பையைப் பிசைந்தனர். பல குழந்தைகள் பிழைத்தன. பின்னர் மாணவர் கையின் இடத்தைப் பொறி பிடித்துக்கொண்டது. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு என்று நாம் வழங்குவது இதன் வழித்தோன்றலே.

அப்பொறி உயிர் காத்தது உண்மை. அதனோடு, முன்னர் உலகம் காணாத ஒரு நிலையையும் உண்டாக்கிற்று. தலையிலே கடும் அடிபட்டு மூளை முழுதும் அழிந்த ஒருவருக்கும் பொறி மூச்சூட்டும். மூச்சு இருந்தால் நெஞ்சு துடிக்கும். ஏனெனில் நெஞ்சுக்கு மூளையின் கட்டளை வேண்டியதில்லை. அதன் வலப்புற மேலறையிலே துடிப்பைத் தொடக்கும் சிறு முடிச்சு ஒன்று உண்டு. ஒட்சிசன் கிடைக்கும்வரை அது தானே வேலை செய்யும். மூச்சு அவ்வாறன்று; மூளைத்தண்டு கட்டளையிட்டாலன்றி மூச்சு எழாது. இந்நிலையை 1959 இல் பாரிசிலே மொல்லரே, குலோன் என்ற இரு வைத்தியர் ஆராய்ந்து, மயக்கத்துக்கும் அப்பாற்பட்ட நிலை என்று பெயரிட்டனர். 1967 ஆம் ஆண்டு டிசெம்பர் 3 ஆந் திகதி தென்னாபிரிக்காவின் கேப் நகரிலே கிறித்தியான் பார்னாட் முதலாவது மனித இதய மாற்றைச் செய்தார். நோயாளர் பதினெட்டு நாளே வாழ்ந்தாலும், செய்தி உலகெங்கும் பறந்தது. மறு ஆண்டு ஆகத்து மாதம் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று, மூளையின் அழிவையே மரணமாகக் கொள்ளலாம் என்று இலக்கணம் வகுத்தது. 1976 இல் பிரித்தானிய வைத்தியக் கல்லூரிகள் மூளைத்தண்டுச் சோதனைகளை வரையறுத்தன.

அச்சோதனைகள் எவை என்பதை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று. அறியாமையே அச்சத்தின் பாதி. முதலிலே, மூளை சிதைந்ததற்குக் காரணம் திட்டமாகத் தெரியவேண்டும். மயக்க மருந்தோ, நஞ்சோ, கடுங்குளிரோ இந்நிலையைப் போலியாகக் காட்டவில்லை என்பது உறுதியாகவேண்டும். பின்னர், கண்மணியிலே ஒளி பாய்ச்சினால் அது சுருங்குகிறதா, விழிப்படலத்தைத் தொட்டால் இமைக்கிறாரா, காதிலே பனிநீர் விட்டால் விழி அசைகிறதா, முகத்திலே வலி உண்டாக்கினால் தசை அசைகிறதா, தொண்டையைத் தீண்டினால் குமட்டுகிறாரா, இருமுகிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பர். இறுதியிலே, ஒட்சிசன் கொடுத்தபடியே பொறியை நிறுத்தி, குருதியிலே கரியமிலவாயு ஏற ஏற, மூச்செடுக்க ஒரு சிறு முயற்சியாவது எழுகிறதா என்று காத்திருப்பர். நலமுள்ள மூளைத்தண்டு அந்நிலையிலே மூச்சை எடுக்காமலிராது. இச்சோதனைகளை அனுபவம் வாய்ந்த இரு வைத்தியர் செய்து, இடைவெளிவிட்டு மீண்டும் செய்வர். உறுப்பு மாற்றும் குழுவைச் சேர்ந்த எவரும் அவ்விருவருள் இருத்தலாகாது. இறுதிக் கட்டுப்பாடே எல்லாவற்றிலும் பெரிது என்பேன். நெல்லை அளப்பவனே விலை பேசுபவனாயிருந்தால் மரக்காலை நம்புவார் யார்?

இவ்விதி தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு யப்பான் ஒரு சான்று. 1968 ஆகத்து மாதத்திலே சப்போரோ நகரில் வாடா என்னும் நிபுணர் அந்நாட்டின் முதல் இதய மாற்றைச் செய்தார். பெற்றுக்கொண்டவர் மூன்று திங்களுக்குள் இறந்தார். கொடுத்தவர் மெய்யாகவே மூளைச்சாவு அடைந்திருந்தாரா, பெற்றவருக்கு வேறு இதயம் அவசியமாயிருந்ததா என்ற ஐயங்கள் எழுந்தன. வைத்தியர்மீது கொலைக்குற்றமே சாட்டப்பட்டது. 1970 இல் வழக்குத் தொடராது விடப்பட்டபோதிலும் மக்கள் மனத்திலே விழுந்த கறை அகலவில்லை. 1997 இலேதான் யப்பானிலே உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 1999 இலேதான் அச்சட்டத்தின் கீழ் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகள் முதன்முதல் எடுக்கப்பட்டன. இடையிலே முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளிலும் இலங்கையிலிருந்து கண்கள் அந்நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். செல்வமும் விஞ்ஞானமும் நிறைந்த நாட்டிலும், நம்பிக்கை ஒருமுறை முறிந்தால் ஒரு தலைமுறை சென்றே பொருந்துகிறது.

இலங்கையிலே 1985 ஆம் ஆண்டளவில் சிறுநீரக மாற்று தொடங்கிற்று. பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப் முதலியோர் அதன் முன்னோடிகள். உயிருள்ள உறவினர் ஒருவர் தம் சிறுநீரகங்களுள் ஒன்றைக் கொடுத்த முறை அது. 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் மனித இழையங்களைக் கொடுப்பதையும் பெறுவதையும் ஒழுங்குபடுத்திற்று. மூளையின் செயல்கள் மீளாவண்ணம் அற்றுப்போவதையும் மரணமாக ஏற்றுக்கொண்டது. உறுப்பை விலைக்கு விற்பதைக் குற்றமாக்கிற்று. எனவே சட்டம் யப்பானுக்குப் பத்தாண்டு முந்தியே இங்கு ஆயத்தம். சட்டம் வந்து முப்பது ஆண்டு சென்றே கண்டியிலே இதயம் மாற்றப்பட்டது.

இவ்விடைக்காலத்திலே கண்டியின் தேவை பெருகிற்று. 1990களின் நடுப்பகுதி தொடக்கம் வடமத்திய மாகாணத்திலே, அனுராதபுரம், மதவாச்சி முதலிய பகுதிகளிலும், மகியங்கனைக்கு அப்பாலுள்ள கிராந்துருக்கோட்டையிலும், காரணம் திட்டமாகத் தெரியாத ஒரு சிறுநீரக நோய் கமக்காரரிடையே பரவியது தெரியவந்தது. நீரிழிவில்லை, குருதி அழுத்தமில்லை. வயலிலே உழைத்துக்கொண்டிருந்தவர் நாற்பது ஐம்பது வயதிலே கால் வீங்கி, களைத்து, குருதி சுத்திகரிக்கும் பொறியின் பக்கத்திலே வந்து படுக்கிறார். அவர்களிலே பலர் சிகிச்சைக்கு நாடிவந்த இடம் கண்டி. வாரத்துக்கு இருமுறை மும்முறை பொறியிலே கிடப்பது பிழைப்பா? மாற்றுச் சிறுநீரகம் ஒன்றே அவரை மீண்டும் வயலுக்கு அனுப்பவல்லது. உறவினருள் பொருத்தமானவர் கிடைக்காதபோது என் செய்வது?

இந்த இடைவெளியிலேதான் தரகன் நுழைகிறான். ஏழையின் சிறுநீரகம் விலைப்பொருளாயிற்று. அயல்நாட்டிலிருந்து வறியோரைக் கொழும்புக்கு அழைத்துவந்து சிறுநீரகத்தை எடுத்த கும்பலொன்றை இந்தியப் பொலிசார் வெளிப்படுத்தியதையடுத்து, 2016 சனவரியிலே இலங்கை அரசு அந்நிய நாட்டவருக்கான சிறுநீரக மாற்றுக்களை நிறுத்திவைத்தது. இவ்வகைச் செய்தி பத்திரிகையிலே வருந்தோறும், லயத்திலும் சந்தையிலும் தேநீர்க் கடையிலும் அது பத்து மடங்காகப் பெருகும். ஆஸ்பத்திரியிலே சேர்த்தால் உறுப்பைக் களவெடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு எழும். நான் அப்பேச்சைப் பழிப்பதற்கில்லை. ஏழை மக்களின் உடலை மற்றோர் எப்படி நடத்தினர் என்ற நீண்ட நினைவின்மேல் எழுவது அது.

அந்நினைவு கம்பளையைச் சூழ்ந்த தோட்டங்களிலே ஆழமானது. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமை புகுந்த தென்னிந்தியத் தொழிலாளருள் வழியிலே மாண்டோர் மிகப் பலர். அவர்களுக்கு வைத்திய வசதி அளிக்கவேண்டும் என்று 1872 இலே ஓர் ஆணைச்சட்டம் பிறந்தது. மறு ஆண்டிலே கம்பளைக்குப் புகையிரதம் வந்தது. வைத்தியம் வந்ததைவிடக் கோப்பி மூட்டை விரைவாகப் பிரயாணம் செய்தது என்று சொன்னால் அது மிகையாகாது. தோட்டத்து மருந்துச்சாலையிலே ஒரே குப்பி மருந்தை எல்லா நோய்க்கும் கொடுத்ததாக முதியோர் சொல்லும் கதைகள் இன்றும் உண்டு. உயிரோடிருக்கும்போது உடலைப் பாராதவர்கள், செத்தபின் உடலைக் கேட்டால் ஐயுறாதார் யார்? கேத வீட்டிலே தப்பு முழங்க, முழு உடலோடு எடுத்துச் செல்லவேண்டும் என்பது தோட்ட மக்களுக்கு வெறும் சடங்கன்று. வாழ்நாளெல்லாம் கணக்கப்பிள்ளையின் பேரேட்டிலே ஓர் எண்ணாக இருந்தவர் முழு மனிதராக மதிக்கப்படும் ஒரே நாள் அது.

இங்கு மொழியின் இடத்தையும் சொல்லவேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலிலே நிற்கும் தாய்க்கு, உம் மகன் இறந்துவிட்டான், ஆனால் நெஞ்சு துடிக்கிறது, அவ்வாறு துடிப்பதற்குப் பொறியே காரணம் என்று விளக்கவேண்டும். தாய்மொழியிலே கேட்டாலும் எளிதில் ஏறாத செய்தி இது. அதை அரைகுறையாக விளங்கும் மொழியிலே, அவசரத்திலே, வழிப்போக்கர் ஒருவரின் மொழிபெயர்ப்பிலே கேட்டால்? உறுப்புக்கொடைச் சட்டம் வந்த அதே 1987 ஆம் ஆண்டிலேதான், பதின்மூன்றாவது திருத்தத்தினாலே, தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று. இவ்விரண்டும் சந்திக்கவேண்டிய இடம் அந்த வாயில். இறந்தவர் முன்னரே எழுதிவைத்திருந்தாலும், குடும்பத்தாரின் இசைவின்றி எவரும் நடைமுறையில் கத்தியைத் தொடுவதில்லை. ஆகவே அந்தத் தாயோடு தமிழிலே பேச, கொடை கேட்பதற்கு முன் மரணத்தை விளக்கப் பொறுமையுள்ள ஒருவர் இருப்பது, சத்திரசிகிச்சைக் கூடத்திலே விளக்கு இருப்பதற்கு நிகரான தேவை.

சமயம் தடையா என்று சிலர் வினவுவர். பௌத்தமும் சைவமும் பற்றி மேலே கண்டோம். கத்தோலிக்கத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மரணம் நிகழ்ந்த கணத்தைத் தீர்மானிப்பது வைத்தியரின் பொறுப்பு என்று 1957 நவம்பரிலேயே மயக்க மருந்து நிபுணர்களுக்குக் கூறினார். கம்பளையிலே பெருந்தொகையினராய் வாழும் முஸ்லிம் மக்களுக்குப் பயன்படும் செய்தி, சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி 1986 இல் அம்மான் நகரிலே மூளையின் முழு அழிவை மரணமாக ஏற்றதும், 1988 இல் யித்தாவிலே நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றை அனுமதித்ததும் ஆகும். இதிலே அறிஞர் சிலரிடையே கருத்து வேற்றுமை இருப்பது உண்மை. எனினும் கதவு அடைபட்டில்லை.

பாக்குநீரிணைக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் காண்போம். இந்தியாவிலே 1994 இல் சட்டம் வந்தது. அதற்குப்பின் பல ஆண்டுகள் தமிழ்நாட்டிலும் மூளைச்சாவுக்குப் பிந்திய கொடை அரிதாகவே இருந்தது. சிறுநீரகத் தரகே செழித்தது. 2008 இல் தமிழக அரசு தொடர்ச்சியாக ஆணைகள் பிறப்பித்து, யாருக்கு எந்த உறுப்பு என்பதை ஒரு பொதுப் பட்டியல்படி தீர்மானிக்கும் முறையை வகுத்தது. அவ்வாண்டு செப்தெம்பரிலே வைத்தியத் தம்பதியர் இருவர், விபத்திலே மூளைச்சாவு அடைந்த தம் இளம் மகனின் உறுப்புகளைக் கொடுத்தனர். பொலிசார் வீதியை ஒழுங்குசெய்ய, அச்சிறுவனின் இதயம் சென்னை நகரின் நெரிசலைக் கடந்து 11 நிமிடத்திலே மறு வைத்தியசாலையை அடைந்தது. மூளைச்சாவு என்றால் என்ன என்பதை மற்றெவரையும்விட நன்கறிந்த இருவர் அதை ஏற்றுக்கொண்டனர் என்பது மக்கள் மனத்திலே ஆயிரம் சுவரொட்டிகள் செய்யாததைச் செய்தது. ஹட்சன் சில்வாவின் தாயார் கதையும் இதுவும் ஒரே வகை என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். இன்று தமிழ்நாடு இந்திய மாநிலங்களுள் இத்துறையிலே முன்னணியில் நிற்கிறது. 2023 செப்தெம்பரிலே, உறுப்புக்கொடை செய்தோரின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடைபெறும் என்று அம்மாநில முதலமைச்சர் அறிவித்தார். தோட்டத்து மக்களின் தப்பு முழக்கத்தைப் பற்றி நான் சொன்னதை இதனோடு வைத்துப் பாருங்கள். இறந்தவர் உடல் குறைபட்டுப் போகிறது என்ற எண்ணத்தை, அவ்வுடலுக்குச் செய்யும் மரியாதையைக் கூட்டி எதிர்கொள்கிறார்கள்.

கம்பளையிலிருந்து பேராதனை செல்லும் வீதி வளைந்து வளைந்து மகாவலியை ஒட்டிச் செல்வது. அதிலே விபத்துக்குள்ளாவோர் கண்டிக்கோ பேராதனைக்கோதான் கொண்டுபோகப்படுவர். மூளைச்சாவு பற்றிய வினா நம் குடும்பங்களிலே எழுமானால் பெரும்பாலும் அவ்விரு இடங்களிலொன்றிலே, எதிர்பாராத ஓர் இரவிலே, எழும். அதுபற்றி வீட்டிலே முன்னரே பேசி வைத்திருப்பதைத் தவிரக் குடும்பத்தார் செய்யத்தக்கது வேறு அதிகமில்லை. மற்றவை வைத்தியர் பணி. கண்தானத்துக்கோ வீட்டார் செய்யவேண்டிய சிறு காரியங்கள் சில உண்டு. இறந்தவரின் இமைகளை மூடுவது எப்படியும் நம் வழக்கம். அவ்வாறு மூடி, அவற்றின்மேல் நீரிலே நனைத்துப் பிழிந்த தூய பஞ்சை வைக்கவேண்டும். தலையணையாலே தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடவேண்டும். பின்னர் காலந் தாழ்த்தாது கண்தானச் சங்கத்தின் அண்மைக் கிளைக்கோ வைத்தியசாலைக்கோ அறிவித்தல் வேண்டும். ஆறு மணித்தியாலத்துக்குள் கண் எடுக்கப்படுதல் நன்று. மூக்குக்கண்ணாடி அணிந்தவராயினும், முதியவராயினும், கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவராயினும் பெரும்பாலும் தடையில்லை. பயன்படுமா என்பதை வருபவர் பரிசோதித்துச் சொல்வர். எடுத்தபின் இமைகளை மூடிவிடுவதனாலே முகத்திலே வேறுபாடு தோன்றாது. சவ அடக்கமும் தாமதமாவதில்லை.